உடைந்த பால் ஜாயிண்ட்: உற்பத்தியாளரைப் பொறுப்பேற்க வைக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: வேடசந்தூர் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். 13 மாதங்களுக்கு முன் 9 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு புதிய கார் வாங்கினேன். விவகாரம் முடியாத நிலையில் நிறுவனத்தின் பெயரைப் பொதுவில் எழுதுவது முறையல்ல என்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

சென்ற மாதம் பெற்றோரை அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். அய்யலூரைத் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தபோது, முன்பக்கம் இடதுபுறத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நொடியே இடது சக்கரம் மடங்கி, வண்டி தரையை உரசிக்கொண்டே போய் ஓரத்துத் தடுப்புக் கம்பியில் மோதி நின்றது. எனக்கும் அம்மாவுக்கும் சிராய்ப்புகளோடு போயிற்று. முன் இருக்கையில் இருந்த அப்பாவுக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது; அவருக்கு வயது 71.

சர்வீஸ் சென்டரில் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது நானும் அருகில் இருந்தேன். சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையான லோயர் ஆர்மையும், சக்கரம் பொருத்தப்பட்டிருக்கும் நக்கிளையும் இணைக்கும் உருண்டை மூட்டுதான் பால் ஜாயிண்ட். அதன் தண்டு, கழுத்துப் பகுதியில் இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த முகத்தில் பாதிக்கு மேற்பட்ட பகுதி பழுப்பேறி, சந்தனக்கல்லில் காய்ந்து ஒட்டிய வளையங்களைப் போல வரிவரியாக இருந்தது. மீதிப் பகுதி மட்டும் உடைத்த கற்கண்டு போலப் பளபளத்தது. அதை இரண்டு முறை கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

பெரிய பள்ளத்தில் வண்டியை இறக்கியதால்தான் உடைந்தது என்று மேலாளர் அப்போதே சொல்லிவிட்டார். அப்படி எந்தப் பள்ளத்திலும் நான் இறக்கவில்லை. மூன்று சர்வீசுகளும் அவர்களிடமே செய்திருக்கிறேன். மூன்று ஜாப் கார்டுகளிலும் அடிப்பகுதிச் சோதனைக்கு நேரே 'சரி' என்று குறித்திருக்கிறார்கள். இப்போது, பழுதுச் செலவில் பாதியை நல்லெண்ண அடிப்படையில் நிறுவனமே ஏற்கும் என்றும், அதற்கு நான் "இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்" என்று ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்கிறார்கள். உடைந்த பாகத்தை வாரண்டிப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

பாதிச் செலவை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே நாளில் அதே இயந்திரத்தில் செய்த இன்னும் எத்தனை தண்டுகள் எத்தனை குடும்பங்களைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன என்ற எண்ணம் தூங்க விடவில்லை. உற்பத்தியாளரைப் பதில் சொல்ல வைக்க என்ன வழி என்று அறிந்தவர்கள் எழுதுங்கள்.

பதில் 1: கரூர் பட்டறை

வணக்கம் ஐயா. 34 வருடங்களாக வண்டிகளின் அடிப்பகுதி வேலையே செய்து வருகிறேன். முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பாகம் சர்வீஸ் சென்டரை விட்டு வேறெங்கும் போகாமல் தடுத்துவிடுங்கள். வாரண்டியில் மாற்றிக் கொடுத்த பழைய பாகம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று வாரண்டிப் புத்தகத்தில் பொதுவாக எழுதியிருக்கும். ஆனால் நீங்கள் இன்னும் மாற்றுப் பாகத்தை ஏற்கவில்லை. ஆகவே அது உங்கள் வண்டியின் பாகம்தான். "பழுது பார்க்க அனுமதி இல்லை, உடைந்த இரு துண்டுகளையும் என்னிடம் ஒப்படைக்கவும்" என்று இன்றே எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

நீங்கள் எழுதிய சந்தனக்கல் வளையங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே அடியில் உடையும் இரும்பு, முகம் முழுவதும் ஒரே மாதிரி சொரசொரப்பாக இருக்கும். சில சமயம் வளைந்தும் இழுபட்டும் இருக்கும். பல நாட்களாகச் சிறிய விரிசல் விட்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் மயிரிழை மயிரிழையாக வளர்ந்து, கடைசியில் மிச்சமிருக்கும் பகுதி தாங்க முடியாமல் முறிவதுதான் சோர்வு முறிவு. அந்த விரிசல் வளர்ந்த இடம் வழவழப்பாகி வளைய வரிகளைக் காட்டும். இடையில் ஈரம் புகுந்தால் பழுப்பேறும். கடைசியாக முறிந்த இடம் மட்டும் புதிதாக மின்னும். நீங்கள் பார்த்தது அதைப் போலத்தான் தோன்றுகிறது. படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆய்வகம் சொல்ல வேண்டியது அது. ஆனால் பாதி முகம் பழுப்பேறிய தண்டு அன்றைய ஒரு பள்ளத்தால் உடைந்தது என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, தண்ணீரும் மண்ணும் உள்ளே போய், கிரீஸ் வெளியேறிய பால் ஜாயிண்டும் பழுதாகும். அப்படியிருந்தால் அது தயாரிப்புக் குறையா, சர்வீசில் கவனிக்காமல் விட்டதா என்ற கேள்வி வரும். ஆகவே பூட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். மூன்று முறை 'சரி' என்று குறித்த ஜாப் கார்டுகள் அப்போது மிகவும் உதவும்.

துண்டுகள் கைக்கு வந்ததும் துடைக்க வேண்டாம், கம்பி பிரஷ் போட வேண்டாம். "சரியாகப் பொருந்துகிறதா பார்ப்போம்" என்று இரண்டு முகங்களையும் ஒட்டிப் பார்க்கவே வேண்டாம். அந்த வரிகள் நசுங்கிப் போகும். ஈரம் படாமல் தனித்தனி உறையில் போட்டு, சாட்சிகளின் கையெழுத்தோடு மூடி வையுங்கள். அப்பா சீக்கிரம் குணமடையட்டும்.

பதில் 2: நுகர்வோர் வழக்கு, மதுரை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நுகர்வோர் ஆணையங்களில் வழக்காடும் வழக்கறிஞர் என்ற முறையில் சட்ட நிலையைச் சொல்கிறேன்.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ஆறாம் அத்தியாயத்தில் 82 முதல் 87 வரையிலான பிரிவுகளில் 'பொருள் பொறுப்பு' என்ற தனி உரிமையைத் தந்திருக்கிறது. பிரிவு 84-இன்படி, தயாரிப்புக் குறை, வடிவமைப்புக் குறை, தயாரிப்பு வரையறையிலிருந்து விலகல், வெளிப்படையாகத் தந்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாமை, போதிய பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ தராமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் உற்பத்தியாளர் பொறுப்பாளி. உத்தரவாதம் தந்ததில் கவனக்குறைவோ மோசடியோ இல்லை என்று அவர் நிரூபித்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. சர்வீஸ் செய்தவரின் பொறுப்பைப் பிரிவு 85 சொல்கிறது. அதனால் உற்பத்தியாளரையும் சர்வீஸ் சென்டரையும் சேர்த்தே எதிர்த்தரப்பினராக்குங்கள். ஒருவர் மீது ஒருவர் பழி போடுவதை ஆணையத்தின் முன்னாலேயே போட்டுக்கொள்ளட்டும்.

பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொருள் பொறுப்பு அத்தியாயத்தில் 'தீங்கு' என்பது உடற்காயம், அதனால் வரும் மன உளைச்சல், வேறு சொத்துக்கு நேர்ந்த சேதம் ஆகியவற்றைக் குறிக்கும். குறையுள்ள பொருளுக்கே நேர்ந்த சேதம் அதில் சேராது. ஆகவே உங்கள் தந்தையின் மருத்துவச் செலவையும் வேதனைக்கான இழப்பீட்டையும் பொருள் பொறுப்பின் கீழும், காரின் பழுதையும் மாற்றுப் பாகத்தையும் 'பொருளில் குறைபாடு', 'சேவைக் குறைபாடு' என்ற தலைப்புகளின் கீழும் தனித்தனியே கேட்டு மனு எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பத்தியில் அள்ளிக் கொட்டினால் எதிர்த்தரப்புக்கு வசதியாகிவிடும்.

கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையமே போதும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். நிறுவனத்தின் தலைமையகத்துக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 200 ரூபாய் மட்டுமே. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும். பரிசோதனை இல்லாமல் தீர்மானிக்க முடியாத குறை என்றால், பாகத்தை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் பிரிவு 38-இன்படி ஆணையத்துக்கு உண்டு. அந்தக் கட்டணத்தை முதலில் நீங்கள் செலுத்த வேண்டியிருக்கும். அதுவரை பாகத்தை வெட்டிச் சோதிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். நீங்களே தனியாக வெட்டிப் பார்த்தால், சான்றைக் கெடுத்துவிட்டார் என்று உங்கள் மீதே திருப்புவார்கள்.

உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்த்த ஹூண்டாய் கிரெட்டா வழக்கைப் படித்துப் பாருங்கள். 2017 நவம்பரில் டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் காற்றுப்பை (ஏர்பேக்) விரியவில்லை. மோதலின் விசை போதுமானதாக இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுச் சொல்ல நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளி, டெல்லி மாநில ஆணையம் வழங்கிய 3 லட்சம் ரூபாயையும் வண்டியை மாற்றித் தரும் உத்தரவையும் உறுதி செய்தது. காரியமே தன் காரணத்தைச் சொல்லும் என்ற கோட்பாட்டையும், பாதுகாப்புக் குறைக்குத் தண்டனைத்தன்மையுள்ள இழப்பீடு விதிக்கலாம் என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த 13 மாத வண்டியின் சக்கரம் தானாக மடங்கியதற்கு இதைவிட நெருக்கமான முன்னுதாரணம் தேவையில்லை என்பது என் கருத்து.

அதே சமயம், முழு வண்டியையும் மாற்றித் தருவார்கள் என்று நம்பிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். மாருதி நிறுவனம் தொடர்பான 2006-ஆம் ஆண்டு வழக்கில், உத்தரவாதத்தின்படி குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதே கடமை என்று சொல்லி, வண்டியை மாற்றும் உத்தரவை உச்ச நீதிமன்றமே நீக்கியிருக்கிறது. இரண்டு தீர்ப்புகளையும் எதிர்த்தரப்பு அறிந்தே வரும்.

அந்தக் கடிதத்தில் தயவுசெய்து கையெழுத்திட வேண்டாம். காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் படிவத்தையும் வரிவரியாகப் படித்த பிறகே ஒப்பமிடுங்கள். இயந்திரப் பழுதால் உடைந்த பாகத்தின் விலையைக் காப்பீடு தராது. ஆனால் அதைத் தொடர்ந்த மோதலின் சேதத்தைக் கோரலாம். சேதமடைந்த பாகங்களைக் கழிவாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவர்களிடமும் உண்டு. பால் ஜாயிண்டைத் தர இயலாது என்று, சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பதில் 3: நெடுஞ்சாலைப் பயணி

ஒரு மாற்றுக் கருத்து. நம் சாலைகளின் நிலை எல்லோருக்கும் தெரியும். வேகத்தடைகளில் வண்டியைத் தூக்கிப் போட்டு ஓட்டிவிட்டு, உடைந்ததும் நிறுவனத்தைக் குறை சொல்வது நியாயமா என்றும் யோசிக்க வேண்டும். இவரைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

பதில் 4: உதிரிபாகத் தரப்பிரிவு, ஸ்ரீபெரும்புதூர்

மேலே எழுதிய நண்பருக்கு முதலில் பதில் சொல்கிறேன். 11 ஆண்டுகள் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரப்பிரிவில் வேலை செய்தவன் நான். இந்தியச் சாலைக்கென்று விற்கும் வண்டி, இந்தியப் பள்ளத்தையும் இந்திய வேகத்தடையையும் கணக்கில் கொண்டுதான் வடிவமைக்கப்பட வேண்டும். அப்படித்தான் நாங்களும் சோதித்தோம். தண்டை இயந்திரத்தில் பூட்டி லட்சக்கணக்கான முறை ஆட்டி, எப்போது விரிசல் விடுகிறது என்று பார்ப்போம். பள்ளம் என்பது எதிர்பாராத பயன்பாடு அல்ல, அன்றாடப் பயன்பாடு. அதைத் தாங்காத பாகத்துக்குச் சாலையைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வண்டியை முரட்டுத்தனமாக ஓட்டியதால் உடைந்தது என்றால் ரிம்மிலும் டயரிலும் ஆர்மிலும் பெரும்பாலும் அடையாளம் இருக்கும். அவற்றையும் ஆசிரியர் படம் எடுத்து வைக்க வேண்டும்.

ஆசிரியருக்கு நான் சொல்ல விரும்புவது அந்தப் பாகத்தின் மேலுள்ள எழுத்துகளைப் பற்றி. பால் ஜாயிண்டின் உடலிலோ ஆர்மிலோ பாக எண்ணும், எந்தத் தொகுதியில் எப்போது செய்யப்பட்டது என்பதைக் குறிக்கும் குறியீடும் பொறிக்கப்பட்டிருக்கும். சாய்வாக வெளிச்சம் அடித்துப் பார்த்தால் தெரியும். உங்கள் பாகம் எந்த எஃகுத் தொகுதியிலிருந்து, எந்த நாளில், எந்த வெப்பப் பதப்படுத்தலில் வந்தது என்று பின்னோக்கிப் போக அந்தக் குறியீடுதான் ஒரே கதவு. பாதுகாப்புக்குரிய பாகங்களின் பதிவேடுகளைத் தொழிற்சாலைகள் வைத்திருக்கும். அவற்றைத் தாக்கல் செய்யச் சொல்லி ஆணையத்தில் மனுப் போடலாம். குறியீடு இல்லாமல் கேட்டால் எதைத் தேடுவது என்றே சொல்ல முடியாது.

இதே பாக எண்ணில் ஒரு புதிய பால் ஜாயிண்டை ரசீதோடு விலைக்கு வாங்கி, பிரிக்காமல் வைத்துக்கொள்ளவும் சொல்வேன். காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் சாவி ஸ்விட்ச் ஓடும்போதே நழுவி இயந்திரத்தை அணைத்துவிடும், காற்றுப்பையும் செயலிழந்துவிடும். நிறுவனம் 2006-ஆம் ஆண்டு அளவில் ஸ்விட்சைச் சத்தமில்லாமல் திருத்தியது. பாக எண்ணை மட்டும் மாற்றவில்லை. ஆகவே பழையது எது, திருத்தியது எது என்று வெளியே யாருக்கும் தெரியவில்லை. ஒரு விபத்து வழக்கில் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் தரப்பில் அமர்த்தப்பட்ட பொறியாளர், விபத்துக் காரின் ஸ்விட்சையும் கடையில் வாங்கிய புதிய ஸ்விட்சையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான், உள்ளேயிருக்கும் சிறு உலோக முளை புதியதில் நீளமாக இருப்பதைக் கண்டார். 2014-இல் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 124 மரணங்களுக்கு, நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது. 2015-இல் நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அந்தக் குடும்பம் உடைந்த காரைக் காயலான் கடைக்குப் போட்டிருந்தால் இதில் எதுவும் வெளிவந்திருக்குமா என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

"எங்களுக்குச் சப்ளை செய்தவர் செய்த தவறு" என்று நிறுவனம் சொன்னாலும் தயங்க வேண்டாம். உங்களுக்கு விற்றது முழு வண்டி. விரியும்போது வெடித்துச் சிதறிய டகாட்டா காற்றுப்பைகளின் விவகாரத்தில் அந்த உதிரிபாக நிறுவனம் சோதனை முடிவுகளைத் திரித்து வாகன நிறுவனங்களுக்குக் கொடுத்ததை 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அப்போதும் கார்களைத் திரும்ப அழைத்து காற்றுப்பைகளை மாற்றித் தரும் கடமை வாகன நிறுவனங்களின் மீதே விழுந்தது. உள்ளுக்குள் யார் யாரிடம் வசூலிப்பது என்பது அவர்கள் கணக்கு.

பதில் 5: நுகர்வோர் வழக்கு, மதுரை

மற்ற குடும்பங்களைப் பற்றிய ஆசிரியரின் கவலைக்கு நான் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். உங்கள் வழக்கு உங்களுக்கு மட்டுமே தீர்வு தரும். மற்ற வண்டிகளைத் திரும்ப அழைக்க வைப்பது வேறு வழி. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 110-ஏ, பயணிகளுக்கோ சாலையில் செல்வோருக்கோ தீங்கு விளைவிக்கும் குறை இருந்தால் வாகனங்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அதற்கான விதி 127-சி, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தயாரித்து 7 ஆண்டுகளுக்குட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். அரசு கட்டாயப்படுத்தித் திரும்ப அழைக்க வைத்தால், வண்டியின் வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. நிறுவனம் தானே முன்வந்து அறிவித்தால் அபராதம் இல்லை.

குறை எங்கே என்றால், விசாரணை தொடங்க இத்தனை உரிமையாளர்கள் புகார் செய்திருக்க வேண்டும் என்ற வரம்பை, ஆண்டு விற்பனையைப் பொறுத்து விதி வைத்திருக்கிறது. சக்கரம் மடங்கும் குறைக்கும் எண்ணிக்கை பார்ப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு புகாரும் யாரும் படிக்கும்படி அரசின் தளத்தில் வெளியாகிறது; குறை இருப்பதை உறுதி செய்த நிறுவனம் 5 வேலை நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கே பக்கத்துத் தெருவில் அதே வண்டியில் அதே பாகம் உடைந்தாலும் உங்களுக்குத் தெரிய வழியில்லை. இருந்தாலும் மத்திய அரசின் 'வாகன்' இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பதியாத புகார் எந்தக் கணக்கிலும் வராது.

பதில் 6: வேடசந்தூர் ஆசிரியர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று கடிதத்தோடு போனேன். முதலில் தர மறுத்தார்கள். முத்திரையிட்ட நகலைக் கேட்டு அங்கேயே அமர்ந்திருந்ததும், இரண்டு மணி நேரம் கழித்துத் துண்டுகளையும் கிழியாத ரப்பர் பூட்டையும் ஒப்படைத்தார்கள். பூட்டின் உள்ளே கிரீஸ் அப்படியே இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரின் கையெழுத்தோடு உறைகளை மூடி வைத்திருக்கிறேன். ரிம்மில் தடுப்புக் கம்பி உரசிய கோடுகள் இருக்கின்றன. டயரில் வீக்கமோ வெட்டோ இல்லை.

தரப்பிரிவு நண்பர் சொன்னபடி கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்ததும் ஆர்மின் உட்புறத்தில் குறியீடு தெரிந்தது. அதே மாதத்தில் அதே வண்டியை வாங்கிய என் பள்ளியின் கணித ஆசிரியர், தன் காரைக் கரூர் பட்டறை அண்ணனிடம் கொண்டு போகச் சம்மதித்திருக்கிறார். அவர் வண்டியிலும் அதே தொகுதிக் குறியீடுதானா, கழுத்தில் விரிசல் ஏதும் தெரிகிறதா என்று ஞாயிற்றுக்கிழமை தூக்கிப் பார்க்கப் போகிறோம். அதுவரை அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வாகன் தளத்தில் என் புகாரை இன்று காலை பதிந்துவிட்டேன்.